காஞ்சியில் ஒரு கன்னடத் தூண்

காஞ்சிபுரத்துக்கு பஸ் ஏறுகிறவர்கள் மூன்று ரகம். கல்யாணப் புடவை எடுக்கப் போகிறவர்கள், காமாட்சியைக் கும்பிடப் போகிறவர்கள், 'சிவகாமியின் சபதம்' படித்துவிட்டுப் போகிறவர்கள். முதல் இரண்டு ரகத்தையும் பஸ் ஸ்டாண்டிலேயே ஆட்டோக்காரர்கள் அடையாளம் கண்டு அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். மூன்றாவது ரகம் பாவம்! ஆயனர் வீட்டுக்கு யாரிடம் வழி கேட்பது என்று முழித்துக்கொண்டு நிற்கும்.

அடியேன் மூன்றாவது ரகம். பி.காம். படித்த காலத்தில் காஸ்ட் அக்கவுன்ட்ஸ் புத்தகத்துக்கு அடியில் ஒளித்து வைத்து நாலு பாகத்தையும் முடித்தவன்.

கல்கி இதைத் தன் பத்திரிகையில் வாரா வாரம் எழுதியது 1944 முதல் 1946 வரை. மாமல்லபுரம் கடற்கரையில் ரசிகமணி டி.கே.சி.யோடு உட்கார்ந்திருந்தபோது மனசில் விழுந்த விதை என்று அவரே முன்னுரையில் சொல்லியிருக்கிறார். எழுதிய வருஷங்களைக் கவனியுங்கள். உலக யுத்தம் நடக்கிறது. எழுதுகிறவரோ சுதந்திரப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போய் வந்த காந்தி பக்தர். அவர் எழுதும் கதையில், வாதாபி பற்றி எரிந்தால்தான் இந்த ஊரை விட்டு நகருவேன் என்கிறாள் கதாநாயகி! சைவ ஓட்டலில் உட்கார்ந்து கோழி பிரியாணி ஆர்டர் செய்கிற மாதிரி இல்லை?

ஆனால் ஆசாமி கெட்டிக்காரர். ஜெயிக்கிற பாகத்துக்கு அவர் வைத்த தலைப்பு 'சிதைந்த கனவு'. வாதாபி எரிகிறது. சபதம் நிறைவேறுகிறது. சிவகாமிக்கு மாமல்லர் கிடைக்கவில்லை. அவருக்குக் கல்யாணமாகி நாளாகிவிட்டது. படை நடத்திய பரஞ்சோதி வாளைப் போட்டுவிட்டுச் சிறுத்தொண்டராகப் போய்விடுகிறார். கல்லூரி வயசில் எனக்கு இந்த முடிவு பிடிக்கவே இல்லை. இவ்வளவு செலவு பண்ணி லாபம் யாருக்கு என்று எரிச்சலாக வந்தது. அந்தக் கேள்வியைத்தான் கல்கி நம்மைக் கேட்க வைத்திருக்கிறார்!

சிவகாமி கற்பனை. சண்டை நிஜம். புலிகேசியின் ஆஸ்தானக் கவி ரவிகீர்த்தி 634-ம் வருஷத்து ஐஹொளே கல்வெட்டில், பல்லவ ராஜா காஞ்சிக் கோட்டைச் சுவருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார் என்கிறார். பல்லவர்களின் செப்பேடோ, மகேந்திரவர்மர் புள்ளலூரில் எதிரிகளைத் துவம்சம் பண்ணினார் என்கிறது. எலெக்‌ஷன் ரிசல்ட் வந்த மறுநாள் கட்சிப் பத்திரிகைகளைப் படிக்கிற மாதிரி இருக்கிறது. புள்ளலூர் காஞ்சிக்குப் பக்கத்துக் கிராமம்தான். அதற்கு ராசி அப்படி. 1780-ல் ஹைதர் அலியும் திப்புவும் ஆங்கிலேயப் படையை முறியடித்ததும் அங்கேதான்.

642-ல் மாமல்லர் வாதாபியைப் பிடித்து அந்த ஊர்ப் பாறையிலேயே தன் பேரை வெட்டி வைத்தார். நாவல் இந்த வெற்றியோடு முடிகிறது. கணக்கு முடியவில்லை. புலிகேசியின் மகன் முதலாம் விக்கிரமாதித்தன் வந்து காஞ்சியைப் பிடித்தான். பல்லவர்கள் பெருவளநல்லூரில் திருப்பி அடித்தார்கள். பற்று, வரவு, பற்று, வரவு. பேரேடு மூடவே இல்லை.

அதன் கடைசிப் பக்கம் கைலாசநாதர் கோயிலில் இருக்கிறது.

ஊருக்கு மேற்கே, பிள்ளையார்பாளையம் தாண்டி, கூட்டமே இல்லாத கோயில். மாமல்லரின் கொள்ளுப் பேரன் ராஜசிம்மன் சுமார் 700-ல் கட்டியது. மணல் கல்லில் யாளிகள் வரிசையாக எழுந்து நிற்கின்றன. பிராகாரச் சுவரை ஒட்டி ஐம்பதுக்கு மேல் குட்டிக் குட்டிச் சன்னதிகள். முன் மண்டபத்துத் தூண் ஒன்றில் பழைய கன்னட எழுத்து. நமக்குப் படிக்க வராது. விஷயம் மட்டும் தெரிந்தால் போதும்.

வாதாபி விழுந்து ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து, இரண்டாம் விக்கிரமாதித்தன் என்ற சாளுக்கிய ராஜா காஞ்சியைப் பிடித்தான். கொள்ளுத் தாத்தாவுக்கும் அப்பா புலிகேசி காலத்துப் பழிக்கும் வட்டியோடு வசூல் செய்ய வேண்டிய நேரம். ஊரே கையில். அவன் இந்தக் கோயிலைப் பார்த்தான். இதன் செல்வத்தைப் பார்த்தான். எல்லாவற்றையும் சுவாமிக்கே திருப்பிக் கொடுத்துவிட்டான். அதைத்தான் அந்தத் தூண் சொல்கிறது.

அவன் ராணி லோகமகாதேவி, கணவனின் காஞ்சி வெற்றிக்காக வாதாபிக்குப் பக்கத்தில் பட்டடக்கல்லில் ஒரு கோயில் கட்டினாள். இன்றைய விருபாட்சர் கோயில். பார்த்தவர்கள் சட்டென்று சொல்லிவிடுவார்கள், நம்ம கைலாசநாதர் சாயல் என்று. எரிக்க வந்தவன் டிசைன் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான்!

கோயிலிலிருந்து திரும்பும் வழியில் பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தம் கேட்டு ஒரு வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். குழித் தறியில் பெரியவர் ஒருத்தர், பக்கத்தில் துணைக்கு ஓர் ஆள்.

"இது கோர்வை சார். உடம்பு ஒரு கலர், கரை ஒரு கலர். ரெண்டையும் இழைக்கு இழை கோர்க்கணும். ஒரு ஆளால ஆகாது" என்றார்.

"பட்டு நூல் எங்கேர்ந்து வருது ஐயா?"

"பெங்களூர்ப் பக்கம்தான். ஜரிகை சூரத்து."

பெரியவருக்கு அதில் விசேஷமே இல்லை. எனக்கு இருந்தது. கன்னட தேசத்து நூல் இல்லாமல் காஞ்சிப் பட்டு இல்லை!

அடுத்த தடவை வீட்டில் புடவை எடுக்கக் காஞ்சிபுரம் போனால், கடைக்குள் நம் பங்கு பில் கட்டும்போதுதான். அதற்கு எப்படியும் இரண்டு மணி நேரம் ஆகும். மத்தியானம் நடை சாத்துவதற்குள் ஆட்டோ பிடித்துக் கைலாசநாதர் கோயிலுக்குப் போய் அந்தத் தூணைப் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள். ஆபீசில் ரொம்ப நாளாக யாரிடமாவது பேசாமல் முறைத்துக்கொண்டிருந்தால், கட்டாயம் பாருங்கள்.