மூட்டை சிறிது, கடல் பெரிது

பீடபூமியில் உள்ள ஹெப்பகோடியிலிருந்து வங்கக் கடலோரத்துக்குச் சைக்கிளில் ஒரு நாள், ஓர் இரவு. கால்களுக்கு இது சுலபமான பயணம். கஷ்டம் எல்லாம் சாலையில்தான்.

ஹெப்பகோடியில் எல்லாம் இருக்கிறது, கடலைத் தவிர. பெங்களூரின் தென்கோடியில், ஓசூர் சாலையோரம், கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது இந்த ஊர். ஒரு பக்கம் எலெக்ட்ரானிக் சிட்டியின் கண்ணாடிக் கட்டடங்கள், மறுபக்கம் பொம்மசந்திராவின் தொழிற்கூடங்கள். அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டினால் தமிழ்நாடு. டீக்கடைகளில் கன்னடத்துக்குச் சமமாகத் தமிழும் தெலுங்கும் ஒலிக்கின்றன. 2025 ஆகஸ்டில் மெட்ரோ ரயிலின் மஞ்சள் தடமும் வந்துவிட்டது. இங்குள்ள நிலையத்துக்கு ஊரின் பெயரோடு பயோகான் என்ற கம்பெனியின் பெயரும் சேர்ந்திருக்கிறது.

இந்த ஊரில் இரண்டு வகைச் சைக்கிள்கள் ஓடுகின்றன. ஷிப்டு முடிந்து அறைக்குத் திரும்பும் தொழிலாளியின் பழைய சைக்கிள் ஒன்று. ஞாயிறு காலையில் மட்டும் அடுக்குமாடிக் குடியிருப்பின் லிஃப்டிலிருந்து இறங்கும் கியர் சைக்கிள் மற்றொன்று. இரண்டாம் வகைக்காரர்களில் சிலருக்கு ஞாயிறு காலை போதவில்லை. மூட்டையைச் சைக்கிளிலேயே கட்டிக்கொண்டு எங்காவது போய், ஓர் இரவு தங்கி, மறுநாள் திரும்ப வேண்டும். இதற்கு மேல்நாட்டில் வைத்த பெயர் பைக்பேக்கிங்.

அலாஸ்காவின் பனியிலும் அமெரிக்காவின் ராக்கி மலைகளிலும் நாள்கணக்கில் ஓட்டுகிறவர்களால் பிரபலமான விளையாட்டு இது. ஆனால் வேலைக்குப் போகிறவருக்கு மாதக்கணக்கில் லீவு ஏது? இதை யோசித்த கலிஃபோர்னியா சைக்கிள் தயாரிப்பாளர் கிராண்ட் பீட்டர்சன் ஒரு வழி சொன்னார்: கிளம்பியதிலிருந்து திரும்பும்வரை 24 மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் ஓர் இரவுப் பயணம். புதியவர்களுக்கு உலகம் முழுவதும் சிபாரிசு செய்யப்படுவது இந்தக் குட்டிப் பயணம்தான்.

பெயர்தான் புதிது. 1923-இல் பம்பாயிலிருந்து சைக்கிளில் கிளம்பிய பார்சி இளைஞர்களில் மூவர் உலகைச் சுற்றிவிட்டு 1928-இல் ஊர் திரும்பினார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? கேரியரின் இருபுறமும் பிளாஸ்டிக் குடங்களை மலைபோலக் கட்டிய வியாபாரியும், பால் கேன்களைத் தொங்கவிட்ட பால்காரரும், விடியுமுன் கடற்கரையில் மீன் ஏலம் எடுத்து, கூடையைப் பழைய டியூபால் இறுக்கிக் கட்டி உள்ளூர்களுக்கு மிதித்த மீன்காரரும் இந்தக் கலையில் கரை கண்டவர்கள். அவர்கள் இதை விளையாட்டு என்று சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஹெப்பகோடிக்காரருக்குக் கடல் எங்கே? சென்னை 300 கிலோமீட்டருக்கும் அப்பால். ஆனாலும் முதல் பயணத்துக்கு ஏற்ற இடம் அங்கேதான் தொடங்குகிறது: திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் வரையிலான கிழக்குக் கடற்கரைச் சாலை. தூரம் சுமார் 45 கிலோமீட்டர். மேடு என்று சொல்லப் பாலங்களைத் தவிர ஒன்றுமில்லை. சில கிலோமீட்டருக்கு ஒரு டீக்கடை. கால் மறுத்தால் ஏறிக்கொள்ளப் பேருந்தோ சைக்கிளை ஏற்றிச் செல்ல ஒரு குட்டி லாரியோ கிடைக்கும். மணிக்கு 15 கிலோமீட்டர் என்பது புதியவருக்கு வசதியான வேகம். அந்தக் கணக்கில் மூன்று மணி நேரம். வழியில் நிற்பதையும் சேர்த்தால் ஐந்து. பெங்களூரின் ஏற்ற இறக்கத்தில் பழகிய கால்களுக்கு இந்தச் சமதளம் ஒரு சலுகை.

ஒத்திகையை வீட்டுப் பக்கத்திலேயே முடித்துக்கொள்ளலாம். சந்தாபுரா, ஆனேக்கல் வழியாக முத்தியாலமடுவு பள்ளத்தாக்குக்குப் போய் வர சுமார் 40 கிலோமீட்டர். முழு மூட்டையோடு இதை ஒருமுறை ஓட்டினாலே போதும். எந்தப் பை ஆடுகிறது, சீட் எங்கே வலிக்கிறது, எந்தப் பொருள் வீண் சுமை என்பதெல்லாம் தெரிந்துவிடும். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருந்தால் சீட்டின் உயரம் சரி. முழங்கால் அதிகம் மடங்கும் அளவுக்குச் சீட்டைத் தாழ்த்தி வைப்பது புதியவர்களின் வழக்கம். மறுநாள் மூட்டு வலிக்கு அதுவே காரணமாகிறது.

மூட்டையின் எடை ஐந்தாறு கிலோவைத் தாண்டக் கூடாது. ஒரு மாற்று உடை, இரவுக்கு ஒரு லுங்கி, துண்டு, மாற்று டியூப், பஞ்சர் ஒட்டும் சாமான், கைப்பம்ப், ஆலன் கீ, முன்னும் பின்னும் விளக்கு, இரண்டு லிட்டர் தண்ணீர், உப்பும் சர்க்கரையும் கலந்த பொட்டலம், லாட்ஜில் காட்ட அடையாள அட்டை. கனமானவை கீழேயும் நடுவிலும் இருக்க வேண்டும், துணிமணி மேலே. முதுகில் பை மாட்டுவது தவறு. கடலோரப் புழுக்கத்தில் முதுகு நனைந்து, தோள் இறுகி, பத்தாவது கிலோமீட்டரிலேயே பயணம் கசந்துவிடும். ஆயிரக்கணக்கில் விலை போகும் தனிப் பைகள் கட்டாயமில்லை. பழைய கேரியரும் ரப்பர் கயிறும் இன்றும் வேலை செய்கின்றன.

வேடிக்கை என்னவென்றால், பயணத்தின் சிரமமான பகுதி கடலோரத்தில் இல்லை. ஹெப்பகோடியிலிருந்து பெங்களூர் ரயில் நிலையம் வரை, ஓசூர் சாலையின் நெரிசலில் மிதிக்க வேண்டிய 20 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரம்தான் அது. சரக்கு ஆட்டோவில் ஏற்றிச் செல்வதே புத்திசாலித்தனம். ரயிலில் கையோடு இலவசமாக எடுத்துச் செல்லும் சாமான்களில் சைக்கிள் சேராது. பார்சல் அலுவலகத்தில் கட்டணம் கட்டி, பெயரும் ஊரும் எழுதிய அட்டையைக் கட்டி, சரக்குப் பெட்டியில் அனுப்ப வேண்டும். முதல் நாளே சென்னை போய்ச் சேர்ந்து சைக்கிளை எடுத்துவைப்பது நிம்மதி. சென்னையிலேயே ஒரு நண்பரின் சைக்கிள் கிடைத்தால் இன்னும் நிம்மதி.

காலம் பார்ப்பது முக்கியம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும். ஏப்ரல் தொடங்கினால் வெயில். மிஞ்சுவது ஜனவரியும் பிப்ரவரியும். அப்போது வீசும் வாடைக் காற்று தெற்கே போகிறவரின் முதுகைத் தள்ளும். திரும்பும்போது அதே காற்று முகத்தில் அறையும். ஆனால் அதிகாலையில் காற்று அடங்கியிருக்கும். வெயில் ஏறி நிலம் சூடான பிறகுதான் கடல் காற்று எழுகிறது. எனவே திரும்பும் நாளில் ஐந்து மணிக்கே சக்கரம் சுழல வேண்டும். சமதளத்தில் ஏற்றத்தின் வேலையைக் காற்றுதான் செய்கிறது என்பதைப் பீடபூமிக்காரர்கள் முதல் எதிர்காற்றில் புரிந்துகொள்கிறார்கள்.

திருவான்மியூர் மருந்தீஸ்வரர் கோயிலைத் தாண்டியதும் முதல் சில கிலோமீட்டருக்குக் கடல் கண்ணில் படாது. சுவர்களும் பங்களாக்களும் மறைக்கும். ஈஞ்சம்பாக்கத்தில், 1966-இல் ஓவியர்களே நிலம் வாங்கி உருவாக்கிய சோழமண்டலக் கலைக்கிராமம். பாதி வழியில் முட்டுக்காடு. பாலத்தின் மேல் நின்றால் ஒரு பக்கம் உப்பங்கழி, மறுபக்கம் அது கடலைச் சேரும் முகத்துவாரம். அருகிலேயே 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா. தென்னாட்டு வீடுகளைப் பிரித்து எடுத்து வந்து மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள். அடுத்து கோவளம்: மசூதி, மாதா கோயில், மீனவர் குப்பம், அலைச்சறுக்கு கற்கும் இளைஞர்கள். சற்றுத் தள்ளி நெம்மேலி. கடல்நீரைக் குடிநீராக்கிச் சென்னைக்கு அனுப்பும் ஆலை 2013-இலும், அதைவிடப் பெரிய இன்னொன்று 2024-இலும் இங்கே இயங்கத் தொடங்கின. வடநெம்மேலியில் ரோமுலஸ் விட்டேக்கர் 1976-இல் தொடங்கிய முதலைப் பண்ணை.

காரில் போகிறவருக்கு இவையெல்லாம் பெயர்ப் பலகைகள். சைக்கிளில் போகிறவருக்கு ஒவ்வொன்றும் ஒரு வாசனை. கருவாடு, சவுக்குத் தோப்பு, கழியின் சேறு என்று மூக்கே வழி சொல்லும். மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால் சாளுவன்குப்பம். 2004 சுனாமி மணலை அரித்துச் சென்ற பிறகு, மறு வருடம் தொல்லியல் துறையினர் இங்கே ஒரு பழைய முருகன் கோயிலைக் கண்டெடுத்தார்கள். பல்லவர் காலத்துக்கும் முந்தைய செங்கல் அடித்தளம் அதன் கீழே இருந்தது. சுற்றுலா வேன்கள் பெரும்பாலும் நிற்காத இடம். சைக்கிளை ஒரு மரத்தில் சாய்த்துவிட்டு அரை மணி நேரம் உட்காரலாம்.

இரவு எங்கே? வெளிநாட்டுப் படங்களைப் பார்த்துவிட்டு மணலில் கூடாரம் அடிக்க ஆசைப்படுகிறவர்கள் உண்டு. வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரை ஆலிவ் ரிட்லி ஆமைகள் முட்டையிட இந்தக் கரைக்கு வருகின்றன. வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் கண்டால் தாய் ஆமை முட்டையிடாமல் கடலுக்குத் திரும்பிவிடலாம். குஞ்சுகளோ வெளிச்சத்தைக் கடல் என்று நம்பி எதிர்த்திசையில் போய்ச் சாகும். சென்னைக் கடற்கரையில் மாணவர் அமைப்பு ஒன்று 1988 முதல் இரவு முழுக்க நடந்து முட்டைகளைச் சேகரித்துக் காப்பாற்றிவருகிறது. கூடாரவாசி அந்த உழைப்பில் மண்ணைப் போட வேண்டியதில்லை. மாமல்லபுரத்தில் எல்லா விலையிலும் அறைகள் இருக்கின்றன. சைக்கிளை உள்ளே வைக்க அனுமதிப்பார்களா என்று கேட்டுவிட்டு அறை எடுக்க வேண்டும். மாலையில் கடற்கரைக் கோயில், அர்ச்சுனன் தபசு. நீரோட்டம் பொல்லாதது, கடலில் குளிக்காமலிருப்பது நல்லது.

இவ்வளவு சுலபமான பயணத்தில் என்ன பிரச்சினை? சாலைதான். சிறிய கிராமச் சாலைகளாக இருந்தவற்றை இணைத்து மேம்படுத்திய இந்தத் தடம் 2002 முதல் சுங்கச் சாலை. பிறகு மாமல்லபுரம் வரை நான்கு வழியானது. அதற்குத் தெற்கே புதுச்சேரி வரையிலும் அகலப்படுத்தும் பணிகள் 2020-களில் தொடங்கின. ஒவ்வொரு முறை சாலை அகலமானபோதும் கார்களின் வேகம் கூடியது. சைக்கிளுக்கு என்று தனி இடம் மட்டும் பிறக்கவில்லை. வெள்ளைக் கோட்டுக்கு வெளியே இருக்கும் ஓரத்தில் மணலும், நிறுத்தப்பட்ட வண்டிகளும், எதிர்த்திசையில் வரும் மோட்டார் சைக்கிள்களும்.

ஆபத்து புதியவருக்கு மட்டுமல்ல. 2024 பிப்ரவரியில் நவி மும்பையின் பாம் பீச் சாலையில், நண்பர்களோடு அதிகாலையில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்த இன்டெல் இந்தியாவின் முன்னாள் தலைவர் அவதார் சைனி வாடகைக் கார் மோதி இறந்தார். 68 வயதான அவர் அனுபவமுள்ள சைக்கிள்காரர். அகலமான சாலையும் ஆளில்லாத அதிகாலையும் அவருக்குப் பாதுகாப்பாக இருக்கவில்லை.

ஆகவே கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதியவருக்கு ஏற்றது எது என்பதைத் தூரத்தைவிட நாளும் நேரமும்தான் தீர்மானிக்கின்றன. சனி, ஞாயிறு விடியற்காலை மிக மோசம். இரவுக் கொண்டாட்டம் முடிந்து திரும்பும் கார்களும், காலி சாலையில் வேகத்தைச் சோதிக்கும் பைக்குகளும் அப்போதுதான் வரும். இரண்டு நாள் லீவு போட்டுத் திங்கள் காலை கிளம்பி செவ்வாய் திரும்புவது மேல். விளக்கு இருந்தாலும், போகும்போது வெளிச்சம் வந்த பிறகே ஈஞ்சம்பாக்கத்தைத் தாண்டலாம். திரும்பும் நாளில் மட்டும் காற்றுக்காகக் கொஞ்ச நேரம் இருட்டில் ஓட்ட வேண்டியிருக்கும். அதற்குப் பின்விளக்கும் பளிச்சென்ற சட்டையும் கட்டாயம். தனியாகப் போகக் கூடாது. நகரை நெருங்கும்போது அலுவலக நெரிசலில் சிக்கினால் பயப்பட வேண்டாம். நெரிசலில் ஊர்கிற கார் எரிச்சல் தரும், அவ்வளவுதான். உயிரை எடுப்பது காலி சாலையில் பறக்கிற கார்.

நாளும் நேரமும் பார்த்துப் புறப்பட ஹெப்பகோடியின் என்ஜினியரால் முடியும். அந்தச் சாலையோரத்திலேயே வாழ்கிறவரால் முடியாது. ரிசார்ட்டில் பாத்திரம் கழுவிவிட்டு நள்ளிரவில் குப்பத்துக்குத் திரும்புகிறவர், விளக்கில்லாத சைக்கிளில் கட்டட வேலைக்குப் போகிறவர், மீன் விற்கக் கிளம்புகிறவர் ஆகியோருக்குச் சனிக்கிழமை இரவும் ஒன்றுதான், செவ்வாய்க்கிழமை காலையும் ஒன்றுதான். சைக்கிள் தடம் வேண்டும் என்று நகரத்துச் சைக்கிள் குழுக்கள் கேட்கும்போது அது வசதியானவர்களின் பொழுதுபோக்குக் கோரிக்கையாகப் பார்க்கப்படுகிறது. ஆனால் சாலையோரம் இரண்டு மீட்டர் இடம் ஒதுக்கினால் அதில் தினமும் ஓட்டப்போகிறவர் இவர்தான். வருடத்துக்கு ஒருமுறை ஐந்து கிலோ மூட்டையோடு வரும் விருந்தாளிக்கு அதில் கொஞ்சம் இடம் கிடைத்தால் போதும்.