ஒரே திறப்பு, வேறு வேறு பூட்டுகள்

“அன்பு எண்டால் என்ன, வெறும் ஒக்சிடோசின்தானே” என்று சொல்கிற வீடியோக்கள் உங்கள் ஃபோனிலும் வந்திருக்கும். போன மாதம் எங்கள் வீட்டில் அந்தச் சொல் ஒரு நாயின் விஷயத்தில் பெரிய வாக்குவாதமாகிவிட்டது.

அம்மா பொலிதேயாமாவுக்குப் பின்னால் ஒரு வீட்டில் பத்து வருஷமாக வேலை செய்தவ. அந்த வீட்டு சின்யோரா வயதாகி, மகளோடு மிலானோவுக்குப் போய்விட்டார். கூட்டிப்போக முடியாத லூனா எங்களிடம் வந்தது. சாப்பாட்டைத் தொடவில்லை. கதவடியிலேயே கிடந்தது. அப்பா பகேரியாவில் நாயை எடுக்க ஒருவரைத் தேடிப் பிடித்திருந்தார். “அது நாய்தானே பிள்ளை, நாலு நாளில மறந்திடும்.”

தம்பி விடவில்லை. “எங்கட மூளையிலயும் அதின்ர மூளையிலயும் ஒரே ஒக்சிடோசின்தான் அப்பா. எங்களுக்கு வாற கவலைதான் அதுக்கும்.”

யார் சொல்வது சரி என்று தேடிப் படித்தேன்.

தம்பி சொன்னதில் பாதி உண்மை. ஒக்சிடோசின் 9 அமினோ அமிலங்களால் ஆன சிறு மூலக்கூறு. மனிதர், நாய், மாடு, எலி என்று பெரும்பாலான பாலூட்டிகளில் அது ஒன்றேதான். பிரசவத்திலும் பால் சுரப்பதிலும் வேலை செய்வது அதுதான்.

ஆனால் வட அமெரிக்காவில் வோல் என்று எலி போன்ற பிராணிகள் இருக்கின்றன. பிரேரி வோல் ஒரு துணையோடு வாழும். இரண்டும் சேர்ந்து குட்டிகளை வளர்க்கும். அதன் சொந்தமான மலை வோல் தனியாகத் திரியும். இரண்டிலும் ஒக்சிடோசின் ஒன்றுதான். 1992இல் தோமஸ் இன்செலும் லோரன்ஸ் ஷப்பிரோவும் இரண்டின் மூளைகளையும் ஒப்பிட்டார்கள். ஒக்சிடோசினைப் பிடிக்கும் ஏற்பிகள் வேறு வேறு இடங்களில் இருந்தன. இன்ப உணர்வோடு தொடர்புள்ள ‘நியூக்ளியஸ் அக்யூம்பென்ஸ்’ பகுதியில் பிரேரி வோலுக்கு அவை நிறைய. மலை வோலுக்குக் குறைவு. திறப்பு ஒன்று, பூட்டுகள் வேறு வேறு அறைகளில்.

கதை அதோடு முடியவில்லை. 2023இல் வெளிவந்த ஆய்வில், மரபணுவை மாற்றி அந்த ஏற்பியே இல்லாமல் பிறந்த பிரேரி வோல்களும் துணை சேர்ந்தன. அன்பு என்றால் ஒக்சிடோசின் என்ற கணக்கு வோலுக்கே சரிவரவில்லை.

நாய்க்கு? 2015இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் நாய்களையும் வளர்ப்பவர்களையும் சோதித்தார்கள். ஒருவரையொருவர் நீண்ட நேரம் பார்த்த சோடிகளில் இரண்டு பக்கமும் ஒக்சிடோசின் கூடியிருந்தது. மனிதர் வளர்த்த ஓநாய்களில் அப்படி நடக்கவில்லை. நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே இவ்வளவு வித்தியாசம்.

அப்பாவிடம் இதைத்தான் சொன்னேன். லூனாவின் கவலை எங்கள் கவலை மாதிரியா என்று ஹோர்மோனை வைத்துச் சொல்ல ஏலாது. அதற்காக அதற்குக் கவலையே இல்லை என்றும் சொல்ல ஏலாது. எங்களுக்குத் தெரிந்தது, அது சாப்பிடாமல் கதவைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறது என்பதுதான். ஒரு வீட்டை இழந்த நாயை, ஒரு கிழமைக்குள் இன்னொரு வீட்டுக்கும் மாற்ற வேண்டுமா?

அப்பா பதில் சொல்லவில்லை. பகேரியாக்காரரின் நம்பர் இன்னும் ஃபிரிட்ஜில் ஒட்டியபடி இருக்கிறது. அவருக்கு அப்பா இதுவரை கோல் எடுக்கவில்லை.