குழி வீட்டுக்குள் ஒரு கொட்டாவி நாவல்!

துனீசியா எங்கே இருக்குன்னு மேப்பில் டக்குனு காட்டுவீங்களா? ஆப்பிரிக்காவின் உச்சந்தலையில், அல்ஜீரியாவுக்கும் லிபியாவுக்கும் நடுவில் பஸ் சீட்டில் மூணாவது ஆளாக இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்குமே, அந்தச் சின்ன நாடுதான். அதன் தெற்கே காபேஸ் என்றொரு கடற்கரை நகரம். அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர் உள்ளே போனால் மத்மாத்தா.

போய் இறங்கினால் ஊரைக் காணோம்! சுற்றிலும் மொட்டை மேடுகள், அங்கங்கே ஒரு பனை, ஒரு ஆலிவ் மரம். 'என்னடா இது, டிரைவர் நடுக்காட்டில் இறக்கி விட்டுட்டாரோ?' என்று நீங்கள் திருதிருவென முழிக்கும்போது காலடியில் இருந்து குழம்பு வாசனை வரும். எட்டிப் பார்த்தால் கிணறு மாதிரி ஒரு பெரிய வட்டக் குழி. கீழே முற்றம். முற்றத்தைச் சுற்றி, பக்கவாட்டில் குடைந்த அறைகள். கொடியில் துணி காயுது. ஊரே தரைக்குக் கீழேதான் பாஸ்!

அமாசிக் மக்கள் (வெளியுலகம் இவர்களை பெர்பர் என்று சொல்லும்) தலைமுறை தலைமுறையாகக் குடைந்த வீடுகள் இவை. அந்த ஊர் மண் வெட்டுவதற்கு மெத்தென்று இருக்கும். ஆனால் வெட்டிய சுவர் அப்படியே நிற்கும். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் உள்ளே ஜில்லென்று இருக்கும். குளிர்காலத்தில் கதகதப்பு. கரண்ட் பில் இல்லாத ஏ.சி. வாசல் கதவில் மீனும் கைவிரல்களும் வரைந்திருப்பார்கள். எதுக்குன்னு கேட்டால், கண் திருஷ்டிக்காம். நம்ம ஊரில் கட்டுகிற வீட்டுக்கு முன்னால் நாக்கை நீட்டிக்கொண்டு ஒரு பொம்மை தொங்குமே, அதே டிபார்ட்மென்ட்!

சரி, இந்த ஊருக்கு வெளிநாட்டுப் பசங்க ஏன் மூட்டை கட்டிக்கொண்டு வர்றாங்க? காரணம், சிதி திரீஸ் என்கிற ஹோட்டல். அதுவும் குழி வீடுதான். பல குழிகளைச் சுரங்க வழியால் இணைத்திருக்கிறார்கள். 1976 மார்ச்சில் ஜார்ஜ் லூகாஸ் என்ற இளைஞர் தன் யூனிட்டோடு துனீசியா வந்து, யாரும் பெரிதாக நம்பாத ஒரு படத்தை எடுக்க ஆரம்பித்தார். படம் ஸ்டார் வார்ஸ். ஹீரோ லூக் ஸ்கைவாக்கர், ஓவன் சித்தப்பாவோடும் பெரு சித்தியோடும் உட்கார்ந்து சாப்பிடுகிற வீடு இந்த ஹோட்டலின் ஒரு குழிதான். 2002-ல் வந்த இரண்டாம் எபிசோடுக்காகவும் இதே குழியைத் தேடி வந்தார்கள். நான் போனபோது செட்டின் மிச்சங்கள் சுவரில் அப்படியே இருந்தன.

இதில் ஒரு தமாஷ். அதே வீட்டின் வெளிப்பக்கம், அதாவது அந்த வெள்ளைக் குமிழ் மாதிரியான வாசல், இங்கே கிடையாது. ஷாட் எல் ஜெரீத் என்ற 5,000 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட உப்பு ஏரியின் ஓரத்தில், நெஃப்தா ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே சாலை வழியாக 200 கிலோமீட்டருக்கும் மேல். லூக் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஹாலுக்கு வர அரை நாள் ஆகும்!

இவ்வளவு அழகான குழிக்குள் ராத்திரி என்ன செய்வீங்க? எட்டு மணிக்கே ஊர் அடங்கிவிடும். மேலே வட்டமாக ஒரு துண்டு வானம், அதில் அள்ளித் தெளித்த மாதிரி நட்சத்திரம். அதைப் பத்து நிமிஷம் பார்க்கலாம், இருபது நிமிஷம் பார்க்கலாம். அப்புறம் புத்தகம்தான் துணை. என் பையில் ஒரே ஒரு புத்தகம் இருந்தது. அங்கேதான் வந்தது வினை.

புத்தகத்தின் பேர் 'ஸ்பிளின்டர் ஆஃப் தி மைண்ட்ஸ் ஐ'. எழுதியவர் ஆலன் டீன் ஃபாஸ்டர். 1978-ல் வந்த ஸ்டார் வார்ஸ் நாவல். ஒரு படம் ஓடினால் அதன் கதாபாத்திரங்களை வைத்துப் புதுக்கதை எழுதி, படத்தின் பேரை அட்டையில் பெரிதாகப் போட்டு விற்பார்கள் இல்லையா, அந்த ஜாதி. மொத்தமே 200 பக்கத்தை ஒட்டித்தான். ஒரே ராத்திரியில் முடித்துவிட்டு மறுநாள் பெருமை பேசலாம் என்று எடுத்தால்... பக்கம் நகர மாட்டேங்குது!

கதையைச் சொல்கிறேன், நீங்களே பாருங்க. லூக்கும் இளவரசி லேயாவும் ஒரு கிரகத்துக்குத் தூது போகிறார்கள். வழியில் மின்புயல். மிம்பன் என்ற சதுப்புக் கிரகத்தில் விழுகிறார்கள். எங்கே பார்த்தாலும் மூடுபனி. நடக்கிறார்கள். சேறு. மறுபடி நடக்கிறார்கள். மறுபடி சேறு. ஒரு சுரங்க ஊர் வருகிறது. அங்கே ஹல்லா என்று ஒரு பாட்டி. ஒரு மாய ரத்தினத்தின் சில்லு தன்னிடம் இருப்பதாகவும், முழு ரத்தினம் ஒரு பழைய கோயிலில் இருப்பதாகவும் சொல்கிறார். திரும்பவும் நடை! நடுவில் லூக்கும் லேயாவும் சேற்றில் கட்டிப் புரண்டு சண்டை வேறு. விண்வெளிப் போரா? மூச். ஹான் சோலோ? ஆளே இல்லை. டார்த் வேடர்? கடைசியில் பந்தி முடிகிற நேரத்துக்கு வருகிறார்.

ஏன் இப்படி என்பதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. அது நாவலைவிட சுவாரஸ்யம். முதல் படம் ரிலீஸாவதற்கு முன்பே ஃபாஸ்டரிடம் வேலை போய்ச் சேர்ந்துவிட்டது. முதல் படத்தின் நாவல் வடிவத்தை எழுதியதும் அவர்தான், அட்டையில் லூகாஸ் பேர் இருந்தாலும். படம் சுமாராகப் போனால், மிச்சம் மீதி செட், டிரஸ் எல்லாம் வைத்து, கையைக் கடிக்காமல் ஒரு இரண்டாம் பாகம் எடுக்க ஒரு கதை வேண்டும். அதான் பிளான். அதனால்தான் மூடுபனி! பனி போட்டு மூடிவிட்டால் பின்னால் பெரிய செட் வேண்டாமே. ஆரம்பத்தில் இருந்த ஒரு விண்வெளிச் சண்டையை, செலவு என்று லூகாஸே எடுக்கச் சொல்லிவிட்டார். ஹாரிசன் ஃபோர்டு அடுத்த படத்துக்குக் கையெழுத்துப் போடவில்லை. அதனால் ஹான் சோலோ கட். கையில் மஞ்சப்பையைக் கொடுத்து, 'நூறு ரூபாய்க்குள் கல்யாண சமையல் சாமான் வாங்கிட்டு வா' என்றால் பாவம், அவர்தான் என்ன செய்வார்?

1977 மே மாதம் படம் வந்தது. பிய்த்துக்கொண்டு ஓடியது. சிக்கன இரண்டாம் பாகத்துக்கு அவசியமே இல்லாமல் போய்விட்டது. எழுதின நாவல் மட்டும் கடைக்கு வந்தது. இன்னொரு தர்மசங்கடம், இதில் லூக்குக்கும் லேயாவுக்கும் நடுவில் லேசாக ஒரு 'இது' ஓடும். 1983-ல் வந்த படத்தில் ரெண்டு பேரும் அண்ணன் தங்கச்சி என்று சொல்லிவிட்டார்கள். இப்போது படித்தால் நமக்குத்தான் நெளிகிறது!

காரணம் தெரிந்தால் அனுதாபம் வரும். ஆனால் பக்கம் வேகமாகப் புரளாது, அது வேற விஷயம். பணத்தை மிச்சம் பிடிக்கப் போட்ட பனியைப் படிக்கிறவன் ஏன் சுமக்கணும்? படத்தில் பனி என்றால் இரண்டு நொடியில் கண் பார்த்துவிடும். நாவலில் ஒவ்வொரு தடவையும் வாக்கியம் வாக்கியமாக அதைக் கடக்க வேண்டியிருக்கு. அதுவும் மழையைக் கண்டால் திருவிழா கொண்டாடுகிற இந்த வறண்ட ஊரில் உட்கார்ந்து, சொதசொதவென்று ஈரக் கிரகத்தைப் படிப்பது தனிக் கொடுமை.

'பிடிக்கலைன்னா மூடி வெச்சுட்டு தூங்க வேண்டியதுதானே'ன்னு கேட்பீங்க. நியாயம். என் பாலிசியும் அதேதான். பிடிக்காத புத்தகத்துக்கு 50 பக்கத்துக்கு மேல் ஆயுளைக் கொடுக்கக் கூடாது. ஆனா இந்தப் பிரதி என்னுது இல்லை. என் ஹாஸ்டல் ரூம்மேட்டுது. திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்துக்காரன். பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். நான் மத்மாத்தா போறேன்னு சொன்னதும் பெட்டிக்கு அடியில் இருந்து எடுத்துக் கொடுத்தான். "அந்த ஊர்லயே வெச்சுப் படி மக்கா. வந்து எப்படி இருந்துச்சுன்னு சொல்லு" என்றான். பழைய புத்தகக் கடையில் வாங்கியதாம். அவன் முழுசாகப் படித்த முதல் இங்கிலீஷ் புத்தகம் அதுதானாம்.

இப்ப சொல்லுங்க. இருபதாம் பக்கத்தில் மூடி வெச்சுட்டு அவன் முகத்தில் எப்படி முழிக்கிறது?

ரெண்டாம் நாள் காலையில் ஒரு குழி வீட்டைச் சுற்றிக் காட்டினார்கள். திருகைக் கல்லில் பார்லி அரைத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி சூடான ரொட்டியும் ஆலிவ் எண்ணெயும் தேனும் வைத்தார். இப்படி வீட்டைத் திறந்து காட்டுவதும், அதற்கு நாம் கொடுக்கும் காசும்தான் இங்கே பல குடும்பங்களுக்கு வருமானம். 2011-ல் புரட்சி. 2015-ல் தலைநகரின் பார்டோ மியூசியத்திலும் சூஸ் கடற்கரையிலும் பயணிகளைக் குறிவைத்துத் தாக்குதல். அந்த வருஷங்களில் ஊருக்கு வர்ற பஸ் நின்னு போச்சுன்னா அடுப்பு என்ன ஆகும்? நிறைய பேர் பக்கத்தில் புதிதாகக் கட்டிய புது மத்மாத்தாவின் சிமென்ட் வீடுகளுக்கு எப்போதோ போய்விட்டார்கள். அதனால் நீங்கள் போனால், போட்டோ எடுத்துக்கொண்டு நைஸாக நழுவாதீங்க, ப்ளீஸ். கையில் கொடுத்துவிட்டு வாங்க.

ராத்திரி மறுபடி நாவல். இந்தத் தடவை கதையை விட்டுவிட்டு ஓரத்தைக் கவனிக்க ஆரம்பித்தேன். ஓரம் முழுக்க பென்சில்! வார்த்தைக்கு மேலே குட்டிக் குட்டியாகத் தமிழ் அர்த்தம். 'மூடுபனி', 'சதுப்பு', 'சுரங்கம்', 'தயங்கினாள்'. முதல் பக்கத்தில் எண்ணினேன், முப்பத்தி ஒன்று. டிக்‌ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பையன் உட்கார்ந்திருப்பது அப்படியே தெரிகிறது. பத்தாம் பக்கத்தில் இருபதுக்குக் கீழே. முப்பதாவது பக்கத்தில் எட்டோ ஒன்பதோ.

ஏன்னு யோசித்தால் பிடிபட்டது. மூடுபனி, சேறு, நடை என்று திரும்பத் திரும்ப அதே சரக்குதானே! மூடுபனிக்கு ஒரு தடவை அர்த்தம் பார்த்துவிட்டால் நூறு பக்கத்துக்குக் கவலை இல்லை. ஆளும் அதிகம் இல்லை. கிளைக்கதை இல்லை. யார் எங்கே போகிறார்கள் என்பதில் குழப்பமே வராது. என்னைக் கொட்டாவி விட வைத்த அதே விஷயம் அவனுக்குக் கைப்பிடிச் சுவராக இருந்திருக்கிறது. ஏதாவது ஒரு 'கிளாசிக்'கைக் கையில் கொடுத்திருந்தால் பய மூணாம் பக்கத்திலேயே காததூரம் ஓடியிருப்பான்.

நான் கதைக்காக இல்லை, பென்சிலுக்காகப் பக்கத்தைத் திருப்ப ஆரம்பித்தேன். லூக் குழு ஒரு பெரிய புழுவுக்குப் பயந்து கிணறு மாதிரிக் குழிக்குள் இறங்கி, பூமிக்கடியில் ஏரியைத் தாண்டி, கோவே என்ற பாதாள மக்களிடம் மாட்டுகிற கட்டம் வருகிறது. நானும் ஒரு குழிக்குள் படுத்துக்கொண்டு அதைப் படிக்கிறேன்! உண்மையைச் சொல்லணும் இல்லையா, அந்த இருபது முப்பது பக்கம் நல்லாவே இருந்தது. அங்கே பென்சிலே இல்லை. ஒரு கோடு கூட இல்லை. அகராதியைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறான்.

மூணாம் நாள் தத்தாவின் கிளம்பினேன். ஊர் விட்டு ஊர் போக 'லுவாஜ்' என்ற ஷேர் வேன்தான் வசதி. எட்டுப் பேர் நிறைந்தால்தான் வண்டி எடுப்பார்கள். டைம் டேபிள் எல்லாம் கேட்டு அவர்களைச் சிரிக்க வைக்காதீங்க. ஸ்டாண்டில் முட்டை வைத்துப் பொரித்த 'பிரிக்' கிடைக்கும். கூடவே ஹரிஸா, மிளகாய் விழுது. நம்ம நாக்குக்கு நெருங்கின சொந்தம். ரெண்டு ஸ்பூன் கூடுதலாகக் கேட்டதும் கடைக்காரர் என்னை மரியாதையாகப் பார்த்தார்.

படத்தில் வரும் பாலைவனக் கிரகத்தின் பேரான டட்டூயின், இந்தத் தத்தாவின் ஊரில் இருந்து எடுத்ததுதான். அமாசிக் மொழியில் அந்தப் பேருக்கு நீரூற்றுகள் என்று அர்த்தம், கண்கள் என்றும் அர்த்தம். நாமும் ஊற்றுக்கண் என்றுதானே சொல்கிறோம்? இதைக் கேட்டதும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. பக்கத்தில் கசர் ஹதாதா என்று பழைய தானியக் கோட்டை. தேன்கூடு மாதிரி அடுக்கடுக்காக அறைகள். 1999-ல் வந்த முதல் எபிசோடில் இதைப் பார்க்கலாம். இதற்கு நேரம் ஒதுக்குங்க, மாலை வெயிலில் போங்க.

நாவலின் கடைசி இருபது பக்கத்தை அங்கே ஒரு படிக்கட்டில் உட்கார்ந்து முடித்தேன். கோயில், ரத்தினம், லூக் பாறைக்கு அடியில் சிக்கிக்கொள்ள லேயாவே லைட்சேபரை எடுத்து வேடரோடு மோதுகிறாள். படத்தில் கூடக் கிடைக்காத காட்சி. அதை எழுதின ஆளுக்கு ஒரு சபாஷ். ஆனால் அதற்கு முன்னால் அத்தனை சேறு தேவையே இல்லை, இப்பவும் அதில் மாற்றம் இல்லை. 2014-ல் லூகாஸ்ஃபிலிம் நிறுவனம் இந்த மாதிரிப் பழைய நாவல்களை எல்லாம் 'அதிகாரபூர்வக் கதை இல்லை' என்று மொத்தமாக ஓரம்கட்டியது. ஆனாலும் அந்தச் சேற்றுக் கிரகம் மிம்பன், 2018-ல் வந்த 'சோலோ' படத்தில் போர்க்களமாகத் தலையைக் காட்டியது. அதே சேறு!

ரூம்மேட்டுக்கு அன்று ராத்திரியே மெசேஜ் போட்டேன். "முடிச்சுட்டேன். செம ஸ்லோ. குகை சீன் சூப்பர்."

பதில் உடனே வந்தது. "ஸ்லோவா? எனக்கு அப்போ அதுவே ஓட்டமால்லா இருந்துச்சு மக்கா. பென்சில அழிச்சுராத."

தத்தாவினில் பாதாம், தேன் வைத்துச் செய்கிற 'மான் கொம்பு' என்ற இனிப்பு பிரசித்தம். அவனுக்கு ஒரு டப்பா வாங்கி, புத்தகத்தில் தேன் ஒழுகாதபடி தனிக் கவரில் கட்டிக்கொண்டேன்.