ஆலை வாசலில் ஒரு தாய்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் நெடுஞ்சாலையில் படப்பையைக் கடந்தால் சேரப்பணஞ்சேரி, அதற்கப்பால் ஒரகடம். ஏரிப் பாசனத்தால் வாழ்ந்த இச்சீமை இன்று ஆலைகளின் சீமை. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை உற்பத்தியைத் தொடங்கிற்று; 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் கூட்டாலை திறக்கப்பெற்றது.

ஓர் அந்திப் பொழுதில் அங்கே பேருந்துக்காக நின்றிருந்தேன். ஷிப்டு மாறும் நேரம். சீருடை அணிந்த இளைஞரை ஏற்றிக்கொண்டு ஆலைப் பேருந்துகள் வரிசையாகச் சென்றன. தென்மாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் பிழைக்க வந்தோர் அவர்களுள் பலர். அவர்களும் நம் சகோதரரே. ஆனால், இம்மண்ணின் ஆதிக் குடிகள் எங்கே?

அருகில் நின்ற இருளர் குலத் தாய் ஒருவர் விடை கூறினார். ஒப்பந்தக்காரர் வழியாக ஓர் ஆலையில் துப்புரவுப் பணி செய்பவர் அவர்.

"கூட்டவும் புல்லு வெட்டவும் எங்களக் கூப்புடுறாங்க சாமி. மிஷினுகிட்ட நிக்கணும்னா படிப்பு வேணுமாம். எம்புள்ள பத்தாவது தேறிட்டான். ஐ.டி.ஐ.யில எங்க சனத்துக்குன்னு இடம் இருக்காம். அதுக்குச் சாதிச் சான்று கேக்குறாங்க. பெத்தவங்களுக்கே சான்று இல்லியே, புள்ளைக்கு எப்படிங்கறாங்க."

இருளருக்குத் திறமை இல்லையா? 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் விளைவாகப் பாம்புத்தோல் வாணிபம் நின்றபோது அவர்கள் பிழைப்பிழந்தனர். 1978-இல் வடநெம்மேலியில் எழுந்த கூட்டுறவுச் சங்கம், அதே கைத்திறனை, விஷமுறி மருந்துக்கு நஞ்செடுக்கும் தொழிலாக மாற்றிற்று. 2023-இல் இருளர் இருவர் பத்மஸ்ரீ விருது பெற்றனர். திறமை முன்பே இருந்தது. வாசல்தான் பின்னர் திறந்தது.

ஆஸ்திரேலியாவில் 1993-இல் பூர்வகுடி நிலவுரிமைச் சட்டம் வந்தபின், சுரங்க நிறுவனங்கள் அம்மக்களோடு செய்யும் உடன்படிக்கைகள் பலவற்றில் வேலையும் பயிற்சியும் எழுதப்படுகின்றன. நம் நாட்டிலும் 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் உண்டு. 30 பேருக்குக் குறையாத நிறுவனங்கள் பழகுநரைச் சேர்த்தல் கடமை. பழங்குடியினருக்கு அதில் ஒதுக்கீடும் உண்டு. ஆயினும் சான்றிதழ் இல்லாதவனுக்கு ஒதுக்கீடு ஏட்டுச் சுரைக்காயே.

திருப்பெரும்புதூரில் 2006-இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014-இல் மூடப்பட்டதைக் கண்டோம். ஆலை போகலாம், கற்ற தொழில் கைவிட்டுப் போகாது. ஆதலால் கூலி மட்டும் போதாது, பயிற்சி வேண்டும்.

பழங்குடிச் சான்று வழங்குபவர் கோட்டாட்சியர். அந்தத் தாய்க்கு மனு எழுதிக் கொடுத்து, அலுவலகத்துக்கும் உடன் சென்றேன். விசாரணை நடக்கிறது, சேர்க்கைக்கோ நாள் நெருங்குகிறது.

அன்பார்ந்த குடும்பத்தாரே, முதலினும் உழைப்பே முதன்மையானது என்று 1981-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் தம் சுற்றுமடலில் போதித்தார். நம் பங்குகளில் எழுதப் படிக்கத் தெரிந்தோர் பலர். ஒரு மனு எழுதவும், ஓர் ஏழையுடன் அலுவலகப் படியேறவும் ஒரு நாள் ஒதுக்கலாகாதா? தச்சுப் பட்டறையில் திருமகனுக்குத் தொழில் பழக்கிய புனித சூசையப்பர் நமக்குத் துணைநிற்பாராக.