கிடைத்த பக்கம்

விவாதம் என்றால் எங்கள் தமிழ் டீச்சர் வெண்கட்டிப் பெட்டியைக் காலியாக்கி, மடித்த தாள் துண்டுகள் இரண்டைப் போட்டுக் குலுக்கி நீட்டுவா. ஒன்றில் ‘சார்பு’, மற்றதில் ‘எதிர்’. எது வந்ததோ அதுதான் எங்கள் கட்சி. மாற்றித் தரச் சொல்லிக் கேட்க முடியாது.

முதலில் எல்லாம் வழமையான தலைப்புகள்தான். நகரமா கிராமமா, விஞ்ஞானம் ஆக்கத்துக்கா அழிவுக்கா. அவற்றுக்கு மேல்வகுப்பு அக்காமார் எழுதிய கொப்பி கைமாறி வந்துவிடும். பத்தாம் ஆண்டில் கரும்பலகையில் விழுந்த தலைப்புக்கு அப்படி ஒரு கொப்பி இருக்கவில்லை: ‘திருகோணமலைக்கு அதன் துறைமுகம் வரமே.’ எங்களுக்கு வந்தது எதிர்.

எங்கள் வீட்டில் அந்தப் பக்கம் பேச ஒருவருமில்லை. அப்பப்பா டொக்யாட்டில் வேலை செய்தவர். 1957இல் பிரித்தானியக் கடற்படை தளத்தைக் கையளித்துவிட்டுப் போனதை வீட்டில் ஒரு செத்தவீட்டைச் சொல்வதுபோலத்தான் சொல்வார்கள். அப்பாவும் துறைமுகச் சம்பளத்தில்தான் எங்களை வளர்த்தார்.

நூலகத்தில் இருந்து குறிப்பெடுத்தோம். போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லையும் கொண்டு கோட்டை கட்டியது ஊரறிந்த கதை. நான் அறியாதது 1782. அந்த ஜனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைப் பிடிக்கிறார்கள். ஓகஸ்ட் கடைசியில் சுஃப்ரன் என்ற தளபதியின் பிரெஞ்சுக் கப்பல்கள் வந்து ஆங்கிலேயரிடமிருந்து அதைப் பறிக்கின்றன. எட்டு மாதத்துக்குள் மூன்று கொடி! பிறகு 1942 ஏப்ரல் 9, ஜப்பானியரின் குண்டு. அன்று ஒரு விமானம் சீனக்குடாவில் எண்ணெய்க் குதமொன்றின் மேலேயே விழுந்து எரிந்தது. இந்த ஆழக்கடல் எங்கள் வாசலில் இல்லாவிட்டால் இவர்களில் ஒருவரும் இங்கே வந்திருக்கமாட்டார்கள் என்பதுதான் எங்கள் வாதம்.

டீச்சரிடம் ஒரு முறை இருந்தது. கொப்பியின் இடப்பக்கத்தில் மற்ற அணி சொல்லப்போவது, வலப்பக்கத்தில் எங்கள் மறுமொழி. இடப்பக்கம் நிரம்பாமல் வலப்பக்கத்தில் பேனை வைக்கக்கூடாது. அந்த இடப்பக்கத்தை எனக்கு நிரப்பித் தந்தவர் அப்பா. சாப்பிட்ட தட்டைத் தள்ளிவைத்துவிட்டுத் தொடங்குவார். “சரி பிள்ளை, கொடி மாறினது உண்மை. பிறிமா ஆலைக்குக் கோதுமை எந்த வழியால வருது? சீமெந்து ஆலை ஏன் இங்க வந்தது? அந்த வேலையில எத்தனை வீட்டு அடுப்பு எரியுது?” நான் குனிந்து எழுதுவேன். அவருக்கு மறுமொழி சொல்ல முடிந்த இரவுகளில் அவர் முகத்தில்தான் கூடிய சந்தோசம்.

குண்டலகேசி கதையையும் டீச்சர் இந்த நாள்களில்தான் சொன்னா. ஊர் வாசலில் மணலைக் குவித்து நாவல் கிளையை நட்டுவிட்டு, வாதத்துக்கு வரத் துணிந்தவர் மிதிக்கட்டும் என்று காத்திருந்தவள். புத்தரின் சீடர் சாரிபுத்தரிடம் தோற்று, அவர் வழியிலேயே துறவியானாள். தோற்றதும் எதிராளியின் பக்கம் போய்ச் சேர்ந்த அந்தப் பெண்ணில் எனக்கு இன்றைக்கும் பெரிய மதிப்பு.

அது போர்க்காலம், வழியெல்லாம் சென்றிச் சோதனை. பெரியவர்கள் அடையாள அட்டையைக் காட்ட, நாங்கள் புத்தகப் பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவோம். தெருவில் வாய் தவறி ஒரு சொல் விழுந்தால், நீ இன்னாருடைய ஆள் என்று முடிவாகிவிடும். வகுப்பறையில் பக்கத்தைத் தந்தது சீட்டு. நான் பேசுவதை என் கருத்தென்று யாரும் பிடித்துக்கொள்ள முடியாது. அதனால்தான் அந்த நாற்பது நிமிடப் பாடவேளையில் அவ்வளவு துணிவாக யோசிக்க முடிந்தது. தொலைக்காட்சிப் பட்டிமன்றங்களின் பகிடிகளைக் கேட்டு வளரும் பிள்ளைகள் ஆசிரியர் எழுதிக்கொடுத்ததை மனப்பாடம் செய்து ஒப்புவிக்கும்போது, இந்தச் சுதந்திரம் அவர்களுக்குக் கிடைக்கவில்லையே என்று மனம் நோகிறது.

அன்றைய போட்டியில் சார்பு அணித் தலைவி எழுந்து கேட்டாள்: “பிடிக்க வந்தவர்களில் பிழையா, துறைமுகத்தில் பிழையா?” வகுப்பு கைதட்டியது. எங்கள் மூன்றாம் விவாதி, வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள், குறிப்பைப் பார்க்காமல் சொன்னாள்: “கூரையில குண்டு விழேக்க, பிழை யாரில எண்டு வீட்டுக்காரர் கேக்கிறேல்ல.” மேசை மணியை அடிக்கவேண்டியவளும் அடிக்க மறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தீர்ப்பு சார்பு அணிக்குப் போனது.

போன கிழமை அக்காவின் மகள் வந்திருந்தாள். அவளுக்கும் வகுப்பில் விவாதம். தலைப்பு, சீனக்குடா எண்ணெய்க் குதங்களை இந்தியாவுடன் சேர்ந்து நடத்துவது நாட்டுக்கு நன்மையே. 2022 ஜனவரி ஒப்பந்தப்படி 99 குதங்களில் 61 கூட்டு நிறுவனத்துக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 லங்கா ஐ.ஓ.சி. நிறுவனத்துக்கு. இதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. 1987 இந்திய-இலங்கை உடன்படிக்கையோடு கைமாறிய கடிதங்களிலேயே இந்தக் குதங்களைக் கூட்டாகத் திருத்துவது பற்றிய பேச்சு இருப்பது தெரியாது. சொன்னேன்.

“எனக்கு எதிர் சித்தி. பொயின்ற் சொல்லுங்க.”

“முதல் சார்புக்காரருக்கு எழுது.”

முகத்தைச் சுளித்தாள். பிறகு கொப்பியை விரித்து, பேனையைக் கடித்தபடி கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, இடப்பக்கத்தில் எழுதினாள்: ‘துருப்பிடித்த குதங்களைத் திருத்த எங்களிடம் காசு இருக்கிறதா?’