பேணிக்குள் ஒரு நீலத் தெறி



எங்கள் வீட்டுத் தையல் மெசின் லாச்சிக்குள் ஒரு தகரப் பேணி இருந்தது. சட்டை ஒன்று கிழிந்து கைபிடித் துணியாகும் முன் அம்மா அதன் தெறிகளை வெட்டி எடுத்து அந்தப் பேணிக்குள் போட்டுவிடுவார். "எப்பவாவது தேவைப்படும்" என்பார். 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது எனக்கு ஆறு வயது. அவசரத்தில் கட்டிய பைக்குள் அந்தப் பேணியும் வந்துவிட்டது. பட அல்பம் வீட்டிலேயே நின்றுவிட்டது. அடுத்த சித்திரையில் திரும்பி வந்தபோது அல்பத்தைக் கறையான் தின்றிருந்தது. என் சிறுவயதுப் படம் ஒன்றுகூட இன்று என்னிடம் இல்லை. ஆனால் அந்த வயதில் நான் போட்ட சிவப்புச் சட்டையின் தெறிகள் இரண்டு இருக்கின்றன.

இப்படி ஒரு பேணி உங்களில் பலருடைய வீட்டிலும் இருக்கும். அந்தத் தெறிகளைக் கொண்டு கடதாசி வேலை செய்யப் பழக்கப் போய், நான் ஒரு பெரிய பாடம் படித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2018 மார்கழியில் மருதனார்மடம் சந்திக்குக் கிட்ட ஒரு சிறு மண்டபத்தில் வாழ்த்து மட்டை செய்யும் பயிற்சி நடத்தினோம். பதினான்கு பேர் வந்தார்கள். அநேகமானோர் குடும்பப் பொறுப்பைத் தனியே சுமக்கும் பெண்கள். காலையில் சந்தைக்கு மரக்கறி கொடுத்துவிட்டு நேரே வகுப்புக்கு வருவோரும் இருந்தார்கள். கடையில் அலங்காரப் பொருள் வாங்கினால் செலவு கூடும் என்பதால், "வீட்டில் கிடக்கும் பழைய தெறிகளைக் கொண்டு வாருங்கள்" என்று சொன்னேன்.

தெறி மட்டைக்கு நல்ல அழகு தரும். பெரியது, நடுத்தரம், சிறியது என மூன்றை வைத்து, கீழே பச்சை நூலால் காம்பு தைத்தால் பூங்கொத்து. வெள்ளைத் தெறிகளை வரிசையாக வைத்து, அவற்றைச் சுற்றி நூலை ஓட்டினால் புள்ளிக் கோலம். கறுப்புத் தெறி இரண்டு ஆந்தையின் கண்ணாகிவிடும். பொங்கலுக்கு முன் நடந்த சிறு விற்பனையில் கோலம் போட்ட மட்டைகள்தான் முதலில் முடிந்தன.

வகுப்புக்கு ஓர் அம்மா தன் மருமகளோடு வருவார். மட்டை செய்யமாட்டார். பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார். அவருடைய பேணியும் மேசையில் இருந்தது. அதிலிருந்து நான்கு துளையுள்ள ஒரு நீலத் தெறியை நான்தான் எடுத்தேன். பூவின் நடுவுக்கு நல்ல நிறம். பசை பூசி ஒட்டி, மட்டையை விற்பனைக்கு வைத்தேன். அன்றே அது விலைப்பட்டது.

அடுத்த நாள் அந்த அம்மா வந்து என் பக்கத்தில் இருந்தார்.

"பிள்ளை, பேணிக்குள்ளை ஒரு நீலத் தெறி கிடந்தது. கண்டனியோ?"

நான் சிரித்துக்கொண்டே, "ஓம் அம்மா, மட்டையிலை ஒட்டி வித்தாச்சு" என்றேன்.

அவர் ஒன்றும் பேசவில்லை. மருமகள்தான் பிறகு என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னாள். அது அவளுடைய மாமாவின் சேட்டுத் தெறி. 1996 இல் ஒரு காலை வெளிக்கிடும்போது அது கழன்று விழுந்திருக்கிறது. "நில்லுங்கோ, தைச்சுத் தாறன்" என்று அம்மா சொல்ல, "வந்து தாறன்" என்று சொல்லி, தெறியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை.

அன்று பின்னேரம் முழுவதும் மட்டை வாங்கியவர்களைத் தேடி அலைந்தேன். நல்ல காலம், அதை வாங்கியவர் கனடாவிலுள்ள தங்கைக்கு அனுப்பவென்று எடுத்து வைத்திருந்தார். விடயத்தைச் சொன்னதும் ஒரு சொல் பேசாமல் தந்தார். ஆனால் தெறி கழன்று வரவில்லை. பசை அவ்வளவு இறுகியிருந்தது. பிளேட்டால் கிளப்பியபோது ஓரம் சிறிது உடைந்தது. பின்பக்கத்தில் கடதாசித் துண்டு ஒட்டியபடியே இருந்தது.

நடுங்கிக்கொண்டுதான் கொடுத்தேன். அவர் அதைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, "கேட்டிருந்தால் வேறை நல்ல தெறி தந்திருப்பன், பிள்ளை" என்றார். அவ்வளவுதான். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஏன் அம்மா, இதைத் தனியே வைக்கவில்லை?" என்று பல நாள் கழித்துக் கேட்டேன். "தனிய வைச்சால் ஒவ்வொரு நாளும் கண்ணிலை படும். எல்லாத்தோடையும் கிடந்தால், இருக்குதெண்டு மட்டும் தெரியும்" என்றார்.

நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தவள். பவுலின் பொஸ் என்ற அமெரிக்க அறிஞர், வியட்நாம் போரில் காணாமற்போன படையினரின் குடும்பங்களோடு 1970களில் செய்த ஆய்விலிருந்து 'தெளிவற்ற இழப்பு' என்ற கருத்தை உருவாக்கினார். இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத நிலையில் துக்கத்தைத் தொடங்கவும் முடியாது, முடிக்கவும் முடியாது என்பது அதன் சாரம். பரீட்சைக்கு அதைப் பாடமாக்கி எழுதினேன். அதன் பொருளை எனக்கு விளங்க வைத்தது அந்த அம்மாவின் பேணிதான்.

பழைய கதை ஒன்றும் இங்கே பொருந்தும். லண்டனில் தோமஸ் கோரம் என்பவர் 1739 இல் கைவிடப்படும் குழந்தைகளுக்காக ஓர் இல்லம் அமைத்தார். வளர்க்க வழியில்லாத தாய்மார் அங்கே குழந்தையை ஒப்படைப்பார்கள். குழந்தைக்கு வேறு பெயர் வைப்பார்கள். பிற்காலத்தில் தாய் திரும்பி வந்தால் அடையாளம் காண்பதற்காக ஒரு துணித்துண்டு, ரிபன், நாணயம், தெறி என ஏதாவது ஒன்றைப் பதிவுக் கடதாசியோடு சேர்த்து வைத்தார்கள். 1741 முதல் 1760 வரை அங்கே சேர்க்கப்பட்டவர்கள் 16,282 குழந்தைகள். அவர்களில் 152 பேர் மாத்திரமே தாய் தந்தையரால் திரும்ப அழைத்துச் செல்லப்பட்டார்கள். ஆனால் கடதாசியில் குத்தி வைத்த துணித்துண்டுகளில் ஐயாயிரம் வரை இன்றும் அழியாமல் இருக்கின்றன. எங்கோ ஓர் ஏழைத் தாயின் கைத்துணி அது.

இந்தக் கதையை அடுத்த வகுப்பில் சொன்னேன். பிறகு நாங்கள் விற்பனை மட்டைக்கும் நினைவுக் கொப்பிக்கும் இரண்டு மேசை போட்டோம். விற்பனைக்குப் புதுத் தெறி மட்டும்; பைக்கற்றாக வாங்கினால் செலவும் அதிகமில்லை. வீட்டுப் பேணிக்குள் இருப்பது நினைவுக் கொப்பிக்கு மட்டும். அதையும் உரியவரே தெரிந்தெடுக்க வேண்டும். எடுக்க மனமில்லாவிட்டால் பேணியை மூடி வைக்கலாம். ஒருவரையும் வற்புறுத்துவதில்லை.

நினைவுக் கொப்பி செய்ய விரும்பும் சகோதரிகளுக்குச் சில குறிப்புகள்:

முதலாவது, ஒட்ட வேண்டாம், தையுங்கள். கனமான மட்டையில் தெறியை வைத்து, துளை வரும் இடத்தைப் பென்சிலால் குறியுங்கள். மட்டைக்குக் கீழே மடித்த துணியை வைத்து, அந்த இடங்களை ஊசியால் முதலே குத்திவிடுங்கள். பிறகு இரட்டை நூலால் தைத்துப் பின்பக்கம் முடிச்சுப் போடுங்கள். பின்னால் காம்புள்ள தெறியென்றால் மட்டையில் ஓட்டை போட்டுக் காம்பை உள்ளே விட்டு, பின்பக்கத்தால் நூலைக் கோருங்கள். நூலை வெட்டினால் தெறி பழுதில்லாமல் கையில் வரும். பசை அப்படி விடாது. என் அனுபவத்தைப் பார்த்தீர்கள்தானே.

இரண்டாவது, படத்துக்கு நேரே தெறி வரக்கூடாது. கொப்பியை மூடும்போது அது படத்தை அழுத்தித் தடம் பதிக்கும். ஒற்றையின் நான்கு ஓரத்திலும் தடித்த மட்டைக் கீலம் வைத்தால் இடைவெளி கிடைக்கும். உலோகத் தெறி எங்கள் உப்புக் காற்றுக்குக் கறள் பிடிக்கும். அதற்குக் கீழே ஒரு துணித்துண்டு வையுங்கள். பத்திரிகைத் தாள் கெதியாக மஞ்சளாகிவிடும்; அதைப் பாவிக்க வேண்டாம்.

மூன்றாவது, எழுதுங்கள். யாருடைய உடுப்பு, என்ன நிறம், எத்தனை தெறி, யார் தைத்தது, எந்த ஆண்டு. எழுத முடியாதவர்கள் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவியுங்கள். எழுதாத தெறி நீங்கள் இருக்கும் வரைக்கும்தான் பேசும். ஒன்றை மறக்க வேண்டாம்: சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் தெறிகளை எட்டாத இடத்தில் வையுங்கள். விழுங்கினால் ஆபத்து.

அந்த அம்மாவும் கடைசியில் ஓர் ஒற்றை செய்தார். உடைந்த ஓரத்தோடு அந்த நீலத் தெறி நடுவில் இருக்கிறது. கீழே மருமகளின் கையெழுத்தில், "இளநீல அரைக்கைச் சேட். மேலிருந்து இரண்டாவது தெறி. 1996."

2025 இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் மனிதப் புதைகுழி அகழப்பட்டதை அறிவீர்கள். இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. நீதிமன்ற உத்தரவின்படி, அங்கே எடுக்கப்பட்ட உடுப்புகளும் பொருட்களும் ஓகஸ்ட் 5 ஆம் திகதி பின்னேரம் உறவினர்கள் அடையாளம் காண்பதற்காக வைக்கப்பட்டன. ஒரு பிள்ளையின் பாடசாலைப் பை, பொம்மை, வளையல்கள். அந்த அம்மாவோடு நானும் போனேன். அவர் அந்த ஒற்றையைக் கைப்பைக்குள் வைத்திருந்தார். வரிசையில் நின்று, ஒவ்வொன்றையும் குனிந்து பார்த்தார். எதற்கும் ஒற்றையை வெளியில் எடுக்கவில்லை.

வெளியில் வந்து, "இல்லை, பிள்ளை" என்றார். அது ஆறுதலா ஏமாற்றமா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திராது. பஸ்ஸில் வரும்போது கைப்பையைத் திறந்து, தெறியின் நூல் இறுக்கமாக இருக்கிறதா என்று விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்தார். "நல்ல காலம் தைச்சது. தேவைப்பட்டால் கழட்டிக் குடுக்கலாம்" என்றார்.

சகோதரிகளே, உங்கள் பேணியை இன்றே திறக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். திறக்கும் நாளில் பக்கத்தில் ஒரு பிள்ளையை இருத்திக்கொள்ளுங்கள். ஊசியை அதன் கையில் கொடுத்து, கதையைச் சொல்லிச் சொல்லித் தையுங்கள். வேறொருவரின் பேணி உங்கள் முன் திறந்திருந்தால், கை வைக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்காமல் விட்ட வார்த்தை அது.