கம்பியில்லா விசைப்பலகையும் என் ஆசிரியரும்

நமது கல்லூரிப் பழைய மாணவர் சங்க விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று மலர்க் குழுவினர் கேட்டபொழுது யான் முதலில் மறுத்துவிட்டேன். எழுதுதற்கு உரியோர் என்னினும் மூத்தோர் பலர் இருக்கின்றனர். அவருள்ளும் முதல்வர், நாற்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைய இக்கல்லூரியிலே தமிழ் கற்பித்து, 1996ஆம் ஆண்டில் ஓய்வுபெற்ற என் ஆசிரியர். "அவரை எழுதச் செய்யுங்கள்" என்றேன். அவருக்கு இப்பொழுது அகவை 88, கை நடுங்குகின்றது, பார்வையும் மங்கிவிட்டது. "அப்படியானால் அவர் சொல்ல நீர் எழுதித் தாரும்" என்று அப்பணியை என் தலையிலேயே கட்டிவிட்டார்கள். அதற்குத் துணையாக, கடல்கடந்து வாழும் பழைய மாணவர் ஒருவர் வாங்கி அனுப்பிய கம்பியில்லா விசைப்பலகை ஒன்றையும் பெட்டியோடு கையிற் தந்தார்கள். ஆசிரியரின் கட்டுரை இம்மலரிலே பிறிதோர் இடத்தில் உளது. அது எழுதப்பட்ட கதையே இஃது.

பெட்டியைத் திறந்தவுடன் தோன்றிய முதல் எண்ணம், 'இதுதானா?' என்பதே. நாற்பது தாட் கொப்பி ஒன்றின் கனந்தான் இருக்கும். வால் இல்லை. விரல் நகமளவான சிறு துண்டொன்று தனியே இருந்தது. அதனைக் கணினியின் பக்கத்துத் துளையிற் செருகிவிட்டால், பலகையை மடியில் வைத்துக்கொண்டு அறையின் மறுமூலையில் இருந்தும் எழுதலாம். இரண்டு சிறு பற்றரிகள் உள்ளே இருந்தன. விசைகளோ மெலியவை; அழுத்தினால் ஆழம் இல்லை; ஓசை அறவே இல்லை என்று சொல்லிவிடலாம். விசைகளின்மேற் பொறித்திருந்தவை ஆங்கில எழுத்துக்கள் மாத்திரமே. தமிழாசிரியன் ஒருவன் மடியில் தமிழெழுத்து ஒன்றேனும் இல்லாத பலகை வந்து கிடந்தது கண்டு என் மாணவர் சிலர் சிரித்தனர்.

அவர்கள் சிரித்ததில் நியாயம் இல்லை. விசைப்பலகை எந்த மொழியும் அறியாதது. ஒரு விசையை அழுத்தினால் அது அனுப்புவது எழுத்தையன்று. இன்ன இடத்து விசை அழுத்தப்பட்டது என்னும் எண்ணை மாத்திரமே. அவ்வெண்ணுக்குத் தமிழெழுத்தை இடுவதா ஆங்கில எழுத்தை இடுவதா என்று தீர்மானிப்பது கணினி. மேலே பொறித்திருப்பது வெறும் வர்ணப்பூச்சு. எனக்கு அதுவும் வேண்டியதில்லை. 'எப்' என்றும் 'ஜே' என்றும் பொறித்த இரு விசைகளிலே, கண்ணாற் காண்பதற்கு அரிதாய், விரலால் உணர்தற்கு எளிதாய், ஒவ்வொரு சிறு மேடு உண்டு. இரு சுட்டுவிரல்களும் அம்மேடுகளைத் தேடிச் சென்று அமர்ந்துவிட்டால், பழைய தட்டெழுத்து முறையிலே இடச் சுட்டுவிரலின்கீழ் ககரமும் வலச் சுட்டுவிரலின்கீழ்த் தகரமும் வந்துவிடும். மற்றவை தாமே வரும்.

இந்தப் பழக்கம் எனக்கு வந்தது 1998ஆம் ஆண்டிலே, நகரத்தில் ஒரு தட்டெழுத்து வகுப்பில். ஆயினும் அதற்கு முன்னரே தட்டெழுத்துப் பொறியின் ஓசை என் காதிற் குடியிருந்தது. 1990இற்குப் பின் வந்த ஆண்டுகளில் குடாநாட்டிலே மின்சாரம் இல்லை. இரவிலே ஜாம் போத்தல் விளக்கிற் படித்தோம். அக்காலத்திற் கல்லூரி அலுவலகத்தில் ஓயாது இயங்கியது அந்தப் பொறி ஒன்றே. அதற்கு மின்சாரம் வேண்டியதில்லை அன்றோ? தவணைப் பரீட்சை வினாத்தாளை மெழுகுத் தாளிலே தட்டி, றோணியோ இயந்திரத்திற் கையாற் சுழற்றி எடுப்பார்கள். எங்கள் வகுப்பறைச் சாளரத்துக்கு நேரேதான் அலுவலகம். பொறி கடகடவென்று ஓடும். வரி முடியுமுன் மணி ஒன்று ஒலிக்கும். வண்டியைத் தள்ளும் 'சர்' என்னும் ஓசை கேட்கும். வினாத்தாள் எத்தனை வரி என்று மணியை எண்ணிச் சொல்லும் கெட்டிக்காரன் ஒருவன் எங்கள் வகுப்பில் இருந்தான். வினா இன்னதென்று மட்டும் அவனாலும் சொல்ல முடியவில்லை.

தமிழ்த் தட்டெழுத்துப் பொறியை அமைத்தவராக அறியப்படும் ஆர். முத்தையா யாழ்ப்பாணத்திற் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்தவர் என்பதை நம் மாணவர் பலர் அறியார். 247 எழுத்துக்களை ஐம்பதுக்கு உட்பட்ட விசைகளில் அடக்குவது எளிய காரியமா? உயிர்மெய்களைத் துண்டாடி, மெய்யுருவை ஒரு விசையிலும் காலையும் கொம்பையும் வேறு விசைகளிலும் வைத்து, அழுத்தியும் வண்டி நகராத விசைகளையும் அமைத்து அதனைச் செய்தார். அவ்வழி வந்த தட்டெழுத்து வரிசையில் எனக்கு ஒரு வேடிக்கை புலப்பட்டது. 'தமிழ்' என்னும் சொல்லை எழுதத் தகரம், மகரம், இகர விசிறி, ழகரம், புள்ளி என ஐந்து விசைகள் வேண்டும். ஐந்தும் வலக்கைப் பக்கத்தனவே. இடக்கை சும்மா இருக்கத் தமிழ் எழுதப்பட்டுவிடும்!

தட்டெழுத்துப் பொறி போய்க் கணினி வந்தபொழுது 'பாமினி' எழுத்துரு அவ்வரிசையைப் பெரும்பாலும் அப்படியே ஏற்றுக்கொண்டது. ஆதலால் என் விரல்கள் ஒன்றையும் புதிதாகக் கற்க நேரவில்லை. ஆனால் அது ஒரு மாறுவேடம். அவ்வெழுத்துரு இல்லாத கணினியிலே திறந்தால், 'தமிழ்' என்று நாம் எழுதியது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று பல்லிளிக்கும். ஒருங்குறி வந்த பின்னரே தமிழெழுத்துத் தன் பெயராற் சேமிக்கப்படலாயிற்று. இதிலே இலக்கண ஆசிரியனுக்கு ஒரு மகிழ்ச்சி உண்டு. நாம் கையால் எழுதும்பொழுது 'கே' என்பதிற் கொம்பை முன்னும் ககரத்தைப் பின்னும் எழுதுகின்றோம். ஒருங்குறியோ மெய்யை முன்னும் உயிர்க்குறியைப் பின்னும் வைக்கின்றது. உயிர்மெய்யில் மெய்யே முன்னர் ஒலிக்கும் என்ற தொல்காப்பியர் முறைக்கு நம் கையைக் காட்டிலும் கணினி நெருக்கமாக நிற்கின்றது. என் மாணவர்கள் இவை ஒன்றும் அறியாது, கைத்தொலைபேசியில் 'அம்மா' என்பதை ஆங்கில ஒலிக்குறிப்பாற் தட்டி எழுதுகின்றனர். கண்டித்தும் பார்த்தேன். ஆயினும் அவர்கள் வயதில் யான் எழுதியதினும் அதிகமாகவே எழுதுகின்றனர் என்பதை மறைத்தல் நேர்மையன்று.

சனிக்கிழமை மாலைதோறும் ஆசிரியர் இல்லத்துக்குச் செல்வேன். விறாந்தையிலே சாய்மனைக் கதிரையில் அவர் சாய்ந்திருப்பார். அவர் கண்ணுக்கும் தெரியட்டும் என்று எழுத்தைப் பெரிதாக்கிக் கணினியைச் சுவரோரத்து மேசையில் வைத்துவிட்டு, பலகையை மாத்திரம் மடியில் ஏந்திக்கொண்டு அவர் காலடியிற் சிறு வாங்கில் அமர்வேன். கம்பி இருந்திருந்தால் இப்படி அமர இயலாது. மேசைக்குத் திரும்பி, அவருக்கு முதுகு காட்டி இருந்திருப்பேன். இந்த ஒன்றுக்காகவே அனுப்பிய அன்பரை மனத்துள் வாழ்த்தினேன்.

"என்ன தம்பி, வயர் இல்லையே?" என்று கேட்டார் ஐயா.

"இல்லை ஐயா, கம்பியில்லாதது."

"அப்ப இது வானொலிதான்."

நகைச்சுவைக்காகச் சொன்னார் என்று எண்ணினேன். பின்னர் நினைத்துப் பார்த்தால் அவர் சொன்னதே சரி. பலகை அனுப்புவதும் வானொலி அலையே. இத்தகைய கருவிகள் பெரும்பாலும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையிற் பேசுகின்றன. கொழும்பிலே 1925இல் ஒலிபரப்புத் தொடங்கியதும், 'கம்பியில்லாத் தந்தி' என்று பெரியோர் வியந்து பேசியதும் இவ்வினத்தைச் சேர்ந்தவைதாமே.

அவர் சொல்லத் தொடங்கினார். ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்தினார். யான் எழுதி முடித்துக் காத்திருந்தேன். அவரும் காத்திருந்தார்.

"தம்பி, எழுதுறீரோ?"

"ஓம் ஐயா, எழுதிப்போட்டன்."

"சத்தம் ஒண்டும் கேக்கேல்லையே."

அன்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இவ்வினாவும் இவ்விடையும் நிகழ்ந்தன. திரையிலுள்ள எழுத்து எத்துணைப் பெரிதாயினும் அவர் கண்ணுக்கு அது கலங்கிய நிழல்தான் என்பதை அப்பொழுதுதான் உணர்ந்தேன். தம் சொல் எங்கே செல்கின்றது என்பதை அறிய அவருக்கு இருந்த வழி செவி ஒன்றே. புதுக்கருவி அதனை அடைத்துவிட்டது. எனினும் மூன்றாம் வாரத்துக்குள் அவர் என்னை நம்பப் பழகிவிட்டார், கேட்பதையும் நிறுத்திவிட்டார்.

அந்த மூன்றாஞ் சனிக்கிழமைதான் அது நேர்ந்தது. 1960களில் தம் வகுப்பிலிருந்த ஒரு பையனைப் பற்றி ஐயா பேசத் தொடங்கினார். வழமைபோல் நிறுத்தி நிறுத்திச் சொல்லவில்லை. ஒரே ஓட்டமாகச் சொன்னார். கால் மணி நேரம் இருக்கலாம். என் விரல்கள் அவர் பின்னே ஓடின. திரையை யான் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்காமல் இருக்க முடியாத முகம் அப்பொழுது. சொல்லி முடித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யான் நிமிர்ந்து மேசைப் பக்கம் நோக்கினேன். திரையிலே, அப்பையனின் பேச்சுக்கு முந்திய வாக்கியம், பாதியில் நின்றிருந்தது.

பற்றரி தீர்ந்துவிட்டது. பலகையின் மேல்மூலையிலே சிறு சிவப்பு விளக்கு முதல்வாரம் முதற்கொண்டு மினுங்கியதை யான் கண்டிருந்தேன். நன்றாக வேலை செய்கின்றது என்பதற்கு அடையாளம் போலும் என்று எண்ணிவிட்டேன். பெட்டியினுள் இருந்த சிறு புத்தகத்தில் அதன் பொருள் தெளிவாக எழுதப்பட்டிருக்கின்றது. மாணவரிடம் 'வினாவை முற்றாக வாசியுங்கள்' என்று நாடோறும் சொல்லும் ஆசிரியன் அதனை வாசிக்கவில்லை. பழைய பொறியில் இப்பிழை நேர்ந்திராது. அங்கே அச்சு தாளில் விழுந்தால் ஓசை எழும். ஓசை இல்லையேல் எழுத்தும் இல்லை. இங்கே உயிருள்ள விசையும் உயிரற்ற விசையும் விரலுக்கு ஒன்றுபோலவே இருந்தன.

மறைத்துவிடலாமா என்ற எண்ணமும் எழாமலில்லை. கேட்டதெல்லாம் என் நினைவில் இருந்தது; வீட்டுக்குப் போய் இரவே எழுதி நிரப்பியிருக்கலாம். ஐயாவால் வாசித்துப் பார்க்க முடியாது. ஆனால் அவ்வாறு எழுதியிருந்தால் அது அவருடைய சொல்லாயிராது. அவரிடம் இலக்கணம் கற்ற ஒருவன் அவர் வாயில் வைத்த சொல்லாயிருக்கும். உள்ளதைச் சொன்னேன்.

ஐயா சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. உள்ளே அவர் மகள் தேநீர்க் கோப்பைகளை எடுத்து வைக்கும் ஓசை கேட்டது.

"கொஞ்சமும் வரேல்லையோ?"

"இல்லை ஐயா. என்ரை பிழை. திரும்பச் சொன்னால்..."

"வேண்டாம் தம்பி. இரண்டாந்தரம் சொன்னால் அது கதையாப் போயிடும். நீர் கேட்டனீர்தானே? அது காணும்."

அது என்ன என்பதை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை. அந்தப் பையன் நம் கல்லூரி மாணவன் என்பதையும், ஐயா அவனிடம் ஒரு சொல் கடன்பட்டிருந்தார் என்பதையும் மட்டும் சொல்லலாம் என்று எண்ணுகின்றேன். இதற்கு அவர் இசைவையும் பெற்றிருக்கின்றேன். இம்மலர் வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர் கைக்கும் செல்லுமாதலின், "அவன் கண்ணிற் பட்டால் விளங்கும்" என்றார்.

அதன்பின் வழக்கத்தை மாற்றிக்கொண்டேன். புதுப் பற்றரி இரண்டு எப்பொழுதும் சட்டைப் பையில் இருக்கும். ஒவ்வொரு வாக்கியத்தையும் எழுதியவுடன் திரையைப் பார்த்து உரக்க வாசிப்பேன். ஐயா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார், "அதிலே ஒற்று மிகும், போட்டனீரோ?" என்பார். இருமுறை யான் போட்டிருக்கவில்லை.

விசைப்பலகையைக் குறைகூற எனக்கு மனமில்லை. இக்கட்டுரையையும் அதிலேதான் எழுதினேன். இரவிலே வீட்டார் துயிலும் நேரத்தில் ஒருவருக்கும் இடையூறின்றி எழுத முடிகின்றது. மின்வெட்டு வந்தாலும் மடிக்கணினியோடு சேர்ந்து அதுபாட்டுக்கு இயங்குகின்றது. விசைகள் சற்று ஆழமாக இருந்திருக்கலாம். பழைய கை அடிக்கடி வேண்டாத பலத்தோடு குத்திவிடுகின்றது. எழுத்து நீக்கும் விசையைத் தேடாமல் தொடும் பழக்கம் இன்னும் வரவில்லை.

ஐயாவின் கட்டுரை மொத்தம் ஐந்து சனிக்கிழமைகளில் முடிந்தது. அச்சுப்படியை அவருக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். மூன்றாஞ் சனிக்கிழமையின் பாதி வாக்கியம் வந்ததும் நிறுத்தி, "இவ்விடத்தை என்ன செய்வது, ஐயா?" என்று கேட்டேன். வாக்கியத்தைத் தாமே முடித்துத் தந்தார். அதன்கீழ் ஒரு வரி இடம் விட்டு மூன்று உடுக்குறி இடச் சொன்னார். இட்டிருக்கின்றேன்.